பேன்கேக் போட்ட பெண் சிரிக்கக்கூடாது

ஹட்டனில் சலூன் திறந்ததும் எனக்குக் கிடைத்த முதல் கல்யாண ஓடர் டயகமப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். மணப்பெண் பவானி. அவளுக்குப் பேன்கேக் போடுவதென்று முடிவு செய்தேன்.

பேன்கேக் என்றால் நுவரெலியா ஹோட்டல்காரர்களுக்குத் தேங்காய்ப்பூவும் சர்க்கரைப் பாணியும் வைத்துச் சுருட்டுகிற பலகாரம். எங்கள் தொழிலில் அது டப்பாவில் வில்லையாக வரும் மேக்கப். ஈர ஸ்பொஞ்சில் தொட்டு முகத்தில் பூச வேண்டும். வியர்வையில் வழியாமல் இருக்க நன்றாகக் கனமாகப் பூசு என்று கொழும்பில் கோர்ஸ் படித்தபோது சொல்லிக் கொடுத்தார்கள். டயகமக் குளிரில் யாருக்கு வியர்க்கப்போகிறது என்று யோசிக்கும் புத்தி எனக்கு இல்லை. சர்ட்டிபிக்கெட்டை பிரேம் போட்டு மாட்டியிருந்த திமிர் வேறு.

பூசி முடித்ததும் பவானி மகாலட்சுமி மாதிரி இருந்தாள். கோயிலுக்குப் போகிற வழியில் காற்று அடித்தது. பேன்கேக் காய்ந்து இறுகியது. யாரோ கேலி செய்ய அவள் லேசாகச் சிரித்தாள். வாயோரம் கோடு விழுந்தது. அதைத் தொட்டுச் சரிசெய்துவிட்டு, படம் எடுத்து முடியும்வரை சிரிக்கவோ பேசவோ கூடாது, முகம் வெடித்துவிடும் என்று கண்டிப்பாகச் சொன்னேன். பாவம், அந்தப் பெண் என்னை நம்பிவிட்டாள்.

மணவறையில் சுவர் மாதிரி உட்கார்ந்திருந்தாள். யார் என்ன கேட்டாலும் பதில் இல்லை. பூண்டுலோயாவிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் குசுகுசுத்தார்கள். பெண்ணை மிரட்டி உட்கார வைத்திருக்கிறார்கள் என்றே பேச்சாகிவிட்டது. பவானியின் அப்பா ஓடிவந்து மணவறைக்குப் பக்கத்தில் நின்றார். தாலியைக் கையில் வாங்கிய மாப்பிள்ளை, அதை மறுபடி தட்டில் வைத்தார்.

“மாமா, அதுக்கு விருப்பமில்லாட்டி இப்பவே சொல்லச் சொல்லுங்க. கட்டாயப்படுத்தி என்னால தாலி கட்ட முடியாது.”

மேளம் நின்றது. பவானியின் கண் கலங்கியது. உதடு அசையாமல், பல்லுக்குள்ளிருந்தே கேட்டாள்:

“அக்கா, இப்ப பேசலாமா?”

கோயிலில் இருந்த எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பள்ளிக்கூட மேடையில்கூட என்னை அவ்வளவு பேர் பார்த்ததில்லை. பேசு என்று தலையை ஆட்டினேன்.

“எனக்குச் சம்மதந்தாங்க. இந்த அக்காதான் சிரிச்சா மூஞ்சி வெடிச்சிரும்னு சொன்னாங்க.”

சொல்லும்போதே வெடித்தது. கன்னத்திலிருந்து ஒரு துண்டு பெயர்ந்து கூறைச்சேலையில் விழுந்தது. முதலில் சிரித்தது மாப்பிள்ளைதான். பிறகு அவளும் அடக்க முடியாமல் சிரித்தாள். உதிர்ந்த முகத்தோடுதான் தாலி ஏறியது. நான் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். நம் ஊருக்கு மெல்லிசாகப் பூசினால் போதும். முடித்ததும் பெண்ணை ஒரு தடவை நன்றாகச் சிரிக்கச் சொல்லுங்கள். கோடு விழுந்தால் கழுவிவிட்டு மறுபடி போடுங்கள்.

எவ்வளவு சொன்னாலும் சிரிக்காத பெண்ணும் வருவாள். அப்போது ஸ்பொஞ்சைக் கீழே வைத்து, கதவைச் சாத்திவிட்டு, உனக்குச் சம்மதம்தானா என்று கேளுங்கள். நான் இப்போதெல்லாம் கேட்கிறேன்.