குழையைத் தின்ற யானை

காட்டுக்குள் முதல்நாள் படம் பிடிக்கப் போனபோது நான் வெள்ளைச் சேட்டும் கறுப்பு லோங்சும் பளபளக்கிற சப்பாத்தும் போட்டிருந்தேன். சிரிக்காதேங்கோ. முள்ளியவளையில் ஸ்ரூடியோ வைத்து இருபது வருசமாகக் கலியாணமும் பெண்பிள்ளைகளின் சாமத்தியவீடும் படம் பிடித்தவனுக்கு வேலைக்குப் போகிற உடுப்பு அது ஒன்றுதான். இப்போது காடும் பறவையும் பிடிக்க ஆசைப்படுகிற பிள்ளைகள் "அண்ணை, எந்த லென்ஸ் நல்லது?" என்று என்னைக் கேட்கிறார்கள். லென்ஸை நீங்களே போனில் தேடிக்கொள்ளலாம். நான் செய்த மடத்தனமான பேய்வேலை எந்தப் போனிலும் கிடைக்காது. அதனால்தான் எழுதுகிறேன்.

1. கல்லுமலைக்குப் போனது

வவுனியாப் பக்கம் ஒருவர் காட்டோரமாகச் சின்ன விடுதி ஒன்று கட்டியிருந்தார். காட்டுக்குள்ளே ஒரு கல்லுமலை. மலைநாட்டு ஆட்கள் பார்த்தால் அதை மலை என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள். எங்கள் தட்டை வன்னியில் பனை உயரம் ஏறினாலே மலைதான். அங்கே வெளியூர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போவது முதலாளியின் திட்டம். அதற்குப் படம் வேண்டும், வழிகாட்டியும் வேண்டும்.

வழிகாட்டியாக வந்தவர் மருதை அண்ணை. தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே குடியேறிய குடும்பம். தேன் எடுப்பார், கூலிக்கு வயல் வேலை செய்வார். புறப்படும்போதே முதலாளி சொல்லிவிட்டார்:

"மருதை, எங்களை மலைக்குக் கூட்டிக்கொண்டு போய் மத்தியானத்துக்குள்ளை திருப்பிக் கொண்டுவந்து விடும் பாப்பம். சரியெண்டால் மாசச் சம்பளத்துக்கு நீர்தான் ஆள்."

மருதை அண்ணை என் காதோரம் வந்தார். "மாசச் சம்பளம்னா எப்பிடி இருக்கும்னே தெரியாதுங்க. வீட்டுல அவ இன்னைக்குக் கோயில்ல தேங்கா உடைக்கப் போயிருக்கா."

அவர் வழக்கமாகக் குளத்துப் பக்கத்தால்தான் காட்டுக்குள் இறங்குவார். முதலாளிக்கு விடுதிப் பக்கத்தால் போகவேண்டும். "இந்தப் பக்கம் நானும் மொதத் தடவைங்க" என்று அண்ணை மறைக்காமல் சொன்னார். காடு தொடங்கும் இடத்தில் இலைக்கொத்தாகக் குழை ஒன்று முறித்துக் கிளையில் தொங்கவிட்டுப் பிள்ளையாரைக் கும்பிட்டார். வன்னிக் காட்டுக்குள் போகிற எல்லோரும் செய்வதுதான். நானும் ஒன்று போட்டேன். பிறகு பாதை பிரிகிற இடமெல்லாம் அவர் ஒவ்வொரு குழை தொங்கவிட்டுக்கொண்டே நடந்தார். மனுசனுக்கு எவ்வளவு பக்தி என்று நான் மெச்சினேன்.

2. நான் துப்புரவாக்கியது

கலியாணப் படம் பிடிக்கிறவனுக்கு ஒரு வியாதி உண்டு. பின்னணி துப்புரவாக இருக்கவேண்டும். பிளாஸ்ரிக் கதிரை, காயப்போட்ட துவாய் எல்லாவற்றையும் எடுப்பிப்பான். மணவறைக்குப் பின்னால் நித்திரை கொண்ட பெரியப்பா ஒருவரைக் கதிரையோடு தூக்கி அங்கால் வைத்த கை என்னுடையது. முதலில் வெளிச்சம் பார்க்க, இருக்கிறபடியே ஒரு படம் அடிப்பேன். பிறகு துப்புரவாக்கிவிட்டு உண்மையான படம்.

பாதை பிரிகிற இடங்களில்தான் மரங்களுக்கிடையால் வெளிச்சம் வடிவாக விழுந்தது. அதற்கு நடுவில் அண்ணையின் குழை, காதில் செருகிய துடைப்பம் மாதிரித் தொங்கியது. அவர்கள் இரண்டு பேரும் முன்னால் போக, நான் பின்தங்கி நின்று வெளிச்சம் பார்த்தேன், குழையைக் கழற்றிப் பற்றைக்குள் எறிந்தேன், படம் எடுத்தேன். கும்பிட்டு முடிந்ததுதானே, பிள்ளையார் கணக்கில் எடுத்திருப்பார் என்பது என் நியாயம். இப்படி ஆறு இடம்.

மலையில் முதலாளியை நிறுத்தி, "நாடியைக் கொஞ்சம் தூக்குங்கோ" என்று மாப்பிள்ளை கணக்காகப் பிடித்தேன். அவருக்குப் புளுகம் தாங்கவில்லை, பல்லெல்லாம் தெரிந்தது.

3. திரும்பி வந்தது

இறங்கி வருகையில், முதலாவது பிரிவில் மருதை அண்ணை நின்றார். மரத்தை ஒருதரம் சுற்றினார். ஒரு பாதையில் இறங்கினோம். கொஞ்சத் தூரத்தில் ஆவி பறக்கிற யானை லத்தி. சத்தமில்லாமல் திரும்பினோம். இன்னொரு பாதை பற்றைக்குள் முடிந்தது.

முதலாளி மணிக்கூட்டைப் பார்த்தார். "மருதை, உமக்குக் காடு தெரியுமோ, தெரியாதோ?"

"தெரியுங்க முதலாளி."

"இதுதான் தெரிஞ்ச லட்சணமோ? நான் வேறை ஆளைப் பாக்கிறன்."

அண்ணையின் முகம் சுருங்கிப் போனது. என்னிடம் மெல்லச் சொன்னார்: "திரும்பி வர்றதுக்குத்தான் அடையாளமா கொழை போட்டேன். ஒண்ணையும் காணோம். யான தின்னுருக்குமோ?"

அந்த யானை வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் நின்றது. உடனே வாய் திறந்தேன் என்று எழுத ஆசைதான். இல்லை. இன்னும் ஒரு பிழையான பாதைக்குப் போய்த் திரும்பும் வரைக்கும் பேசாமல் நடந்தேன். அவர் உடுத்திருந்த சாரத்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபக்கம் திரும்பியபோதுதான் தாங்கவில்லை.

"யானையில்லை அண்ணை. நான்தான். படத்துக்கு இடைஞ்சலெண்டு கழட்டி எறிஞ்சனான்."

"உமக்கென்ன விசரே, ஐசே!" என்றார் முதலாளி.

மருதை அண்ணை ஏசவில்லை. "கழட்டுறதுக்கு முன்னாடி படம் ஏதாச்சும் புடிச்சீங்களா, அது இருக்குங்களா?"

இருந்தது. ஆறு இடமும், ஆறு குழையும் மெமரி கார்டில் இருந்தன. கமராத் திரையில் பெருப்பித்துக் காட்டினேன். "இந்தா, இந்த வீரை மரம். வலது கைப் பக்கக் கெளை" என்று விரலை வைத்தார். கமராவை அவர் கழுத்தில் போட்டுவிட்டு, அவருடைய கத்தியையும் தண்ணீர்ப் போத்தலையும் நான் தூக்கிக்கொண்டேன். பிரிவுக்குப் பிரிவு படத்தையும் மரத்தையும் பொருத்திப் பார்த்து நடந்தார். ஒவ்வொரு இடத்திலும் புதுக் குழை போட்டேன், இரண்டிரண்டாக.

விடுதிக்கு வந்தபோது மத்தியானம் எப்போதோ கழிந்துவிட்டது. மருதை அண்ணை வாசலிலேயே நின்றார். நான் முதலாளியிடம் போனேன்.

"பிந்தினது என்ரை பிழை. நான் அழிச்ச வழியையும் கண்டுபிடிச்சுக் கொண்டுவந்து விட்டவர் அவர். படம் வேண்டாமெண்டால் விடுங்கோ, ஆளை விட்டிடாதேங்கோ."

முதலாளி என் சப்பாத்தைப் பார்த்தார். ஒன்றுக்கு அடி கழன்றிருந்தது. "படம் வேணும். ஆனால் இனிக் காட்டுக்கை போனால் நீர் நடுவிலை நடக்கவேணும். பின்னுக்கு விடமாட்டன்." பிறகு வாசல் பக்கம் குரல் கொடுத்தார். "மருதை, முதலாந் திகதி வாரும்!"

"அப்ப தேங்கா வீணாகலீங்க" என்றார் அண்ணை.

விடுதிச் சுவரில் மாட்ட ஒரு படத்தைத் தெரிவுசெய்யச் சொல்லி முதலாளி மருதை அண்ணையைக் கேட்டபோது அவர் எடுத்தது வெளிச்சம் பார்க்க அடித்த படம். குழை நடுவில் தொங்குகிறது. இன்றைக்கும் அங்கே இருக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது அதைப் பற்றித்தான்.

பிள்ளைகளே, காட்டில் எதையும் கழற்றாதேங்கோ. உங்கள் கண்ணுக்கு இடைஞ்சலாகத் தெரிவது வேறொருவர் வீட்டுக்குத் திரும்புகிற வழியாக இருக்கும். நான் இப்போது கலியாண வீட்டிலும் ஒன்றையும் கழற்றுவதில்லை. நித்திரை கொள்கிற பெரியப்பாவும் படத்தில் வருகிறார். அல்பம் பார்க்கிற எல்லோரும் அந்தப் பக்கத்தில்தான் நின்று சிரிக்கிறார்கள்.