ஜெயக்கொடி மேடமும் ஆடிக்கொண்டே இருந்த அடாப்டரும்

ஆசிரியர் அறையில் அரையாண்டுத் தேர்வு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தபோது பாண்டியம்மாள் போன் செய்தார். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் கடை வைத்திருப்பவர் அவர். வியாபார நேரத்தில் யாரையும் கூப்பிட மாட்டார். பின்னால் மல்லிகைக்கு விலை கூவும் சத்தம் கேட்டது. "சார், அக்கா போயிருச்சு சார்" என்றார். எந்த அக்கா என்று நான் கேட்கவில்லை. எங்கள் இருவருக்கும் பொதுவான அக்கா ஒருவர்தான், ஜெயக்கொடி மேடம். கையிலிருந்த சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு, வலது கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திருநகரில் பிசியோதெரபி கிளினிக் நடத்திய ஜெயக்கொடி மேடத்தை அந்தப் பக்கத்தில் தெரியாதவர்கள் குறைவு. வாடிப்பட்டிக்கு உள்ளே ஒரு சிற்றூரில், அடுத்தவர் வயலில் நடவும் களையெடுப்புமாக வாழ்ந்த பெற்றோருக்குப் பிறந்தவர். அந்தத் தெருவிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் பெண். இதைப் பெருமையாகவும் சொல்ல மாட்டார், சோகமாகவும் சொல்ல மாட்டார். ஊர் எது என்று கேட்டால் சொல்வதைப் போலச் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்.

எனக்கு நாற்பத்து மூன்று வயதில் பக்கவாதம் வந்தது. நான் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியன். கரும்பலகையில் படம் வரைந்துதான் பாடம் நடத்துவேன். வலது கால் சீக்கிரமே நடைக்கு வந்துவிட்டது. கைதான் வரவில்லை. விரல்கள் உள்ளே மடங்கிக் கிடந்தன. விடுப்பு முடிவதற்குள் கை எழுந்தால் பாடம் நடத்தப் போகலாம். இல்லையென்றால் அலுவலகத்தில் ஏதாவது நாற்காலி தருவதாகத் தலைமையாசிரியர் நல்ல மனதோடுதான் சொன்னார். அந்த நல்ல மனதை நினைத்து நான் தூங்காமல் கிடந்தேன்.

கைக்காகத்தான் மேடத்தின் கிளினிக்குக்குப் போனேன். களிமண் உருண்டை கொடுத்தார், துணிக் கவ்விகளைக் கிண்ணத்தின் விளிம்பில் மாட்டச் சொன்னார். செய்தேன், ஆனால் மனசு இல்லாமல் செய்தேன். அவர் திட்டவில்லை. ஒருநாள் என் எதிரே உட்கார்ந்து, சின்ன வயதில் இந்தக் கையை வைத்து என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டார். எழுதுவது, வரைவது என்றேன். அது படிப்பு, நான் கேட்டது அது இல்லை என்றார். யோசித்துவிட்டு, கொஞ்சம் வெட்கத்தோடு, வீடியோ கேம் ஆடுவேன் என்றேன். டிவியோடு இணைத்து, மஞ்சள் கேசட் சொருகி ஆடுவோமே, அது. பரீட்சை லீவு முழுக்க அதிலேயே போகும். கட்டைவிரல் தோல் உரியும்வரை ஆடியிருக்கிறேன்.

அந்த மெஷின் இருக்கிறதா என்று கேட்டார். அது எப்போதோ கெட்டுப்போய்விட்டது. கேசட்டுகள் மட்டும் பரணில் ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தன. இதை என் மனைவி சுமதி அமெரிக்காவில் இருக்கும் தன் தம்பியிடம் சொல்லியிருக்கிறாள். அவன் பழைய கேசட்டுகளைப் போட்டு ஆடுவதற்கென்றே இப்போது புதிதாகச் செய்து விற்கும் ஒரு மெஷினை, ஊருக்கு வந்த நண்பரிடம் கொடுத்தனுப்பினான். இன்றைய டிவியிலேயே படம் தெளிவாக வரும். பெட்டியைப் பிரித்து, பரணிலிருந்து கேசட்டை எடுத்துத் துடைத்து, சொருகப் போனால் நுழையவில்லை. நம் ஊரில் விற்ற கேசட்டுக்கு அறுபது பின். அமெரிக்கக் கேசட்டுக்கு எழுபத்திரண்டு. மெஷினின் வாய் அந்த அகலத்துக்குச் செய்தது. கேசட் உள்ளே விழுந்து சாய்ந்து கிடந்தது. எனக்கு அழுகை வந்தது. பக்கவாதம் வந்தவனுக்குச் சின்ன விஷயத்துக்கும் அழுகை வரும், அது நோயின் குணம் என்று மேடம் முன்பே சொல்லியிருந்தார்.

அடுத்த முறை போனபோது இதைச் சொன்னேன். அன்றைக்கே அவர் போனில் தேடி, இரண்டுக்கும் நடுவில் மாட்டும் அடாப்டர் ஒன்று இருக்கிறது என்று கண்டுபிடித்து வரவழைத்துவிட்டார். மெஷினையும் கேசட்டையும் கிளினிக்குக்கு எடுத்துப்போய் மாட்டிப் பார்த்தோம், பொருந்தவில்லை. அது அமெரிக்கக் கேசட்டை நம் ஊர் மெஷினில் ஆட வைப்பது. எங்களுக்கு வேண்டியது அதற்கு நேர் எதிரானது. மேடம் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "தையல் போடுறதுக்கு முன்னாடி எந்தக் கைன்னு பாக்கணும். நான் பாக்கல" என்றார். அவ்வளவுதான். திருப்பி அனுப்பிவிட்டு, சரியானதை வரவழைத்தார்.

இரண்டாவது அடாப்டர் பொருந்தியது. ஆனால் டிவியில் கட்டம் கட்டமாகக் குப்பைதான் தெரிந்தது. கேசட்டை முன்பக்கம் பின்பக்கமாக மாற்றிச் சொருகியிருந்தோம். சரியாகத் திருப்பினோம், அப்போதும் பாதிப் படம்தான். நான் பழைய பழக்கத்தில் கேசட்டின் வாயில் ஊதப் போனேன். மேடம் தடுத்து, எச்சில் பட்டால் பித்தளை கறுத்துப்போகும் என்று சொல்லி, ஊசி போடும் முன் தடவுகிற ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து, பின் பின்னாகத் துடைத்தார். பஞ்சு கரியாக வந்தது. முப்பது வருஷ அழுக்கு. பிறகு படம் வந்தது. செங்கல் சுவர்களுக்கு நடுவே இரண்டு சின்ன டாங்கிகள் நின்றன. என் கட்டைவிரல் பொத்தான் மேல் இருந்தது, அழுத்த முடியவில்லை. என் டாங்கி சுடாமல் நின்று, முதல் எதிரியிடமே செத்தது. நான் சிரித்தேன். நோய் வந்தபின் நான் சிரித்தது அதுதான் முதல்முறை என்று சுமதி பிறகு சொன்னாள்.

மெஷினைக் கிளினிக்கிலேயே வைத்துக்கொண்டோம். ஒரு சிக்கல் மட்டும் தீரவில்லை. அடாப்டரும் அதன் மேல் கேசட்டும் உயரமாக நின்று ஆடிக்கொண்டே இருக்கும். என் கை திடீரென்று வெட்டி இழுக்கும்போது கையிலிருக்கும் கன்ட்ரோலரின் ஒயரோடு மெஷினும் இழுபடும், அடாப்டர் அசையும், படம் உறைந்துபோகும். மேடம் சுளுக்குக்குச் சுற்றும் கிரேப் பேண்டேஜை மடித்து இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்தார். சில வாரம் அப்படியே ஆடினேன். விரல் நிமிர ஆரம்பித்தது, அழுத்தவும் வந்தது, ஆனால் அளவு தெரியாமல் குத்தியது. ஒருநாள் போய் உட்கார்ந்தால் பேண்டேஜைக் காணோம். எடுத்துவிட்டேன் என்றார் மேடம்.

"இழுத்தா படம் நின்னுரும். இழுக்காம ஆடுங்க. கையை நீங்க பாத்துக்கிறணும், நான் எம்புட்டு நாளைக்கு முட்டுக் குடுக்குறது?"

எனக்குக் கோபம் வந்தது. நன்றாக ஆடிக்கொண்டிருந்தவனைக் கீழே தள்ளிவிட்டது போல இருந்தது. ஆனால் அந்த அடாப்டரிடம் எந்தச் சலுகையும் கிடையாது. கை கொஞ்சம் வெட்டினாலும் படம் நிற்கும், மறுபடி முதலிலிருந்து ஆட வேண்டும். மெல்ல மெல்லப் பிடியைத் தளர்த்தவும் தேவையான அளவுக்கு மட்டும் அழுத்தவும் கை கற்றுக்கொண்டது. விடுப்பு முடிந்து வகுப்பறைக்குப் போன அன்று தவளையின் இதயத்தைப் பலகையில் வரைந்தேன். கோடு நெளிந்துதான் இருந்தது. பிள்ளைகள் அப்படியே நெளித்து நோட்டில் வரைந்துகொண்டார்கள்.

பாண்டியம்மாள் கிளினிக்கில்தான் அறிமுகமானார். பூ மூட்டை தூக்கித் தூக்கி மணிக்கட்டு வீங்கி வந்தவர். நான் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவரை மேடம் இரண்டாவது டாங்கிக்கு உட்கார வைத்தார். இதெல்லாம் எனக்கெதுக்குக்கா என்றவர், ஒரு மாதத்தில் எங்கள் எல்லோரையும்விட நன்றாக ஆடினார். மேடமும் ஆடுவார். தோற்றால் ஒத்துக்கொள்ளவே மாட்டார். பொத்தான் சரியில்லை என்பார், டிவி பழசு என்பார், பாண்டியம்மாள் குறுக்கே வந்துவிட்டார் என்பார். நோயாளிகளிடம் அத்தனை பொறுமையாக இருந்த ஒருவர் இப்படிச் சண்டை போடுவதைப் பார்க்க எங்களுக்குப் பெரிய சந்தோஷம்.

பிறகு அவருக்கே நோய் வந்தது. மார்பில் கட்டி. மருந்து ஏற்ற ஏற்ற விரல் நுனிகள் மரத்துப்போயின. தொட்டே வைத்தியம் பார்த்தவர், தொட்டால் தெரியாமல் போன கைகளோடு நாகமலை புதுக்கோட்டை வீட்டில் உட்கார்ந்துவிட்டார். கிளினிக்கை மூடினார். நானும் பாண்டியம்மாளும் மெஷினை ஒரு பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிப் போனோம். வாசலிலேயே பையைப் பார்த்துவிட்டார்.

"என்னையப் பாக்க வாங்க. பேஷண்டுன்னு நெனச்சு வராதீங்க" என்றார்.

பாண்டியம்மாள் அசரவில்லை. "பேஷண்டுன்னு யாரு சொன்னா? போன தடவ நீங்க தோத்துட்டு டிவி மேல பழியப் போட்டீக. அத முடிச்சுக்கிற வந்தோம்" என்றார். மேடம் கதவைத் திறந்துவிட்டார்.

முதலில் மிக மோசமாக ஆடினார். பொத்தானை அழுத்தினோமா இல்லையா என்பதே விரலுக்குத் தெரியவில்லை. திரையைப் பார்க்காமல் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார், அதற்குள் டாங்கி போய்விடும். அவருக்கு நான் என்ன சொல்லிக்கொடுக்க முடியும்? சில முறை போய் வந்த பிறகு ஒரு மாலையில் டிவியின் சத்தத்தை முழுதாகக் குறைக்கச் சொன்னார். பொத்தானின் சின்ன க்ளிக் ஓசையைக் காதால் கேட்டு, அழுத்தியதைத் தெரிந்துகொள்ள ஆரம்பித்தார். கண் திரைக்குத் திரும்பியது. அன்றைக்கு அவரும் பாண்டியம்மாளும் சேர்ந்து, எங்களில் யாரும் தாண்டாத ஒரு கட்டத்தைத் தாண்டினார்கள். யாரும் கைதட்டவில்லை. மேடம் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு, டீ போடட்டுமா என்று கேட்டார். அவரே போட்டார். சூடான தம்ளரைத் துணியால் பிடித்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

அதற்குப் பிறகு அவருக்கு ஒன்றரை வருஷம் கிடைத்தது. கிளினிக்கை மறுபடி திறந்து காலை வேளையில் மட்டும் பார்த்தார். அந்த நாட்களில் சிகிச்சைக்குப் போன சிலர் இதைப் படிக்கலாம். அவர் விரலால் தொடாமல் உள்ளங்கையால் தொட்டுப் பார்த்ததை நீங்கள் கவனித்திருப்பீர்கள், காரணம் தெரிந்திருக்காது. நோய் திரும்பி வந்தபோது இனி மருந்து வேண்டாம் என்று அவரே முடிவு செய்தார். கடைசி வாரங்களில் படுத்தபடி நாங்கள் ஆடுவதைப் பார்ப்பார். நான் தப்பாகத் திரும்பினால் நாக்கால் ஒரு 'ச்' கொட்டுவார். துயரமான நாட்கள் என்று அவற்றைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மேடத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் அவருடைய கைராசியைச் சொல்கிறார்கள். நான் வைத்துக்கொண்டிருப்பது வேறு. அவர் நின்றுகொண்டு யாரிடமும் பேசியதில்லை. படுத்திருப்பவர், சக்கர நாற்காலியில் இருப்பவர், யாராக இருந்தாலும் ஒரு குட்டை ஸ்டூலை இழுத்துப் போட்டு, கண்ணுக்கு நேராக உட்கார்ந்த பிறகுதான் வாயைத் திறப்பார். நோயில் கிடந்த எனக்கு மேலிருந்து வராத பேச்சு அது ஒன்றுதான்.

காரியத்தன்று வாடிப்பட்டிப் பக்கம் மேடத்தின் ஊர் வீட்டில் அவருடைய அம்மா சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். வந்தவர்கள் குனிந்து கையைப் பிடித்து, ஒரு வார்த்தை சொல்லி நகர்ந்தார்கள். நான் வலது கையைத் தரையில் ஊன்றி, மெல்ல இறங்கி, அவர் எதிரே உட்கார்ந்தேன். உங்கள் மகளிடம் வைத்தியம் பார்த்தவன் என்றேன். ஊன்றியிருந்த என் கையை அந்த அம்மா எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"எல்லாரும் ஆறுதல் சொல்லிட்டுப் போறாக. நீ உக்காந்துட்டய்யா. அப்பக் கேளு, எம்மகளப் பத்திச் சொல்லுறேன்" என்றார்.

நான் பார்த்திராத ஜெயக்கொடியை அவர் சொல்ல ஆரம்பித்தார். வயலில் வைத்துப் பெற்றது, பள்ளிக்கு அனுப்பியது, பத்து வயதில் அப்பாவோடு ஒருநாள் முழுக்கப் பேசாமல் இருந்து சைக்கிள் வாங்கிக்கொண்டது. மதுரைக்குப் போகும் பஸ் தெருமுனையில் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. நான் எழுந்திருக்கவில்லை.