அட்டைச் சாவி

"காப்பார், ஞாயிறு: தோட்ட மக்களுக்கு இன்று வீட்டுச் சாவிகள் வழங்கப்பட்டன. விழா சிறப்பாக நடந்தேறியது." இந்தக் குறிப்பு என் கைக்கு வந்தது அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை. தாளின் பின்புறம் நானே பென்சிலால் கிழமையைக் குறித்திருக்கிறேன். அந்தப் பைத்தியம் எனக்கு அப்போதே உண்டு.

போன வாரம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு செய்திப் போட்டிக்கு நடுவராக உட்கார்ந்தேன். வீடு திரும்பியதும் முதல் வேலையாக இதைத் தேடி எடுத்தேன். அங்கே தந்த மதிப்பெண் தாளில் தலைப்பு, மொழிநடை, படம் என்று மூன்றே கட்டங்கள்.

"நேர்ல போய்ப் பார்த்தாரான்னு ஒரு கட்டம் வேணாமாம்மா?" என்று ஏற்பாட்டாளர் பெண்ணைக் கேட்டேன்.

"அதை எப்படி அங்கிள் செக் பண்றது? எல்லாரும் செய்தியை வாட்சாப்லதான் எடுக்கிறாங்க லா."

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. கிள்ளானில் நான் பகுதிநேர நிருபராக இருந்தபோதும் இதே கதைதான். சங்கச் செயலாளர்கள் விழாவுக்கு முன்பே செய்தியை எழுதிக் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள். மழையில் நின்றுபோன விளையாட்டுப் போட்டியில்கூட எங்கள் பத்திரிகையில் யாரோ கோப்பை வாங்கியிருக்கிறார்.

அந்த ஞாயிறு நான் மோட்டார் சைக்கிளில் காப்பாருக்குப் போனது உண்மையைத் தேடி அல்ல. ஆட்டுக்கறிப் பிரட்டல் உண்டென்று சொல்லியிருந்தார்கள். கூடாரமெங்கும் மசாலா வாசனை. மேடையில் ஆள் உயரத்துக்கு ஓர் அட்டைச் சாவி. வீடுகளைக் கட்டிய நிறுவனத்தார் அதைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். உண்மைச் சாவி, வீடு குடியேறத் தகுந்தது என்ற சான்றிதழ் வந்த பிறகாம்.

சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்ற மாரியம்மா அக்கா திரும்பினார். "பேப்பர்காரரா? குடுத்துட்டாங்கன்னு போட்டுடாதீங்க தம்பி. சாவி குடுத்ததும் நாங்க குடியிருக்கிற லயத்தை உடைக்கிறதா பேச்சு. பேப்பர்ல வந்துட்டா நாங்க யார்கிட்ட போய் இல்லன்னு சொல்றது?"

தட்டை வைத்துவிட்டு, பக்கத்துக் கடையிலிருந்து பத்திரிகை ஆசிரியருக்குப் போன் செய்தேன்.

"பக்கம் கட்டியாச்சுப்பா. வீட்டுக் கம்பெனிக்காரங்க விளம்பரம் வேற குடுத்திருக்காங்க."

"அண்ணே, அந்தச் சாவி அட்டைல செஞ்சது."

"அட்டையா?"

"ஆமா. வேணும்னா வந்து திறந்து பாருங்க."

ஆசிரியர் சிரித்துவிட்டார். மறுநாள் அந்த அட்டைச் சாவிப் படம், 'சாவி இன்னும் வழங்கப்படவில்லை' என்ற தலைப்போடு வந்தது. இடிக்க வந்தவர்களிடம் மாரியம்மா அக்கா அந்தப் பக்கத்தை நீட்ட, லோரி திரும்பிப் போனது. விளம்பரமும் போனது, பின்னாலேயே என் நிருபர் வேலையும். எனக்கு வருத்தமில்லை. பிரட்டலைத் தொடாமல் வந்ததுதான் குறை.

ஆகவே போன வாரம் மதிப்பெண் தாளில் நானே நான்காவது கட்டம் ஒன்றைக் கோடிட்டேன். அழகான தமிழில் எழுதிய ஒருவருக்கு அதில் பூஜ்யம். பூச்சோங் வெள்ளத்தைப் பற்றித் தட்டுத்தடுமாறி எழுதிய பெண்ணுக்கு முழு மதிப்பெண். முழங்கால் தண்ணீரில் நின்று மூன்று வீட்டாரைக் கேட்டிருந்தாள்.

"ரூல்ஸ்ல இல்லையே அங்கிள்."

"இப்ப இருக்கும்மா."

அந்தத் தோட்டம் இன்றில்லை, பத்திரிகையும் இல்லை. போன் செய்த கடையில் இப்போது குமிழித் தேநீர் விற்கிறார்கள். மாரியம்மா அக்கா கடைசியில் உண்மைச் சாவியை வாங்கினார் என்கிறார் ஒருவர். வாங்காமலே மகள் வீட்டுக்குப் போய்விட்டார் என்கிறார் இன்னொருவர். இருவருமே நேரில் பார்த்தவர்கள் அல்லர். நானும் பார்க்கவில்லை. எனவே, அக்காவுக்குச் சாவி கிடைத்ததா என்பது இதுவரை உறுதிப்படுத்தப்படவில்லை.