வண்டிய யாரு பாக்கது?

மாயகிருஷ்ணன் போகாத ஊர் கிடையாது. பார்த்த ஊரும் கிடையாது.

கோவில்பட்டி கார் ஸ்டாண்டுக்கு எதிரே என் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. அவருடைய வெள்ளை அம்பாசடர் அங்கே நிற்காத வருஷம் எனக்கு நினைவில் இல்லை. கல்யாணம், காதுகுத்து, கோர்ட்டு, ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் ஊர் அவரைத்தான் தேடும். திருச்செந்தூர், குற்றாலம், ராமேஸ்வரம், கன்னியாகுமரி எல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் கன்னியாகுமரியில் சூரியன் உதிப்பது எப்படி இருக்கும் என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். எந்த மரத்தடியில் மதியம் வரை நிழல் நிற்கும், எந்த டீக்கடைக்காரன் வண்டி கழுவத் தண்ணீர் கொடுப்பான், எங்கே நிறுத்தினால் காக்கை எச்சமிடாது என்றெல்லாம் சொல்வார். சூரியனைப் பற்றி ஒரு வார்த்தை வராது. பார்ட்டியை இறக்கிவிட்டதும் முன் சீட்டில் படுத்து, துண்டை முகத்தில் போட்டுவிடுவார். யாராவது கூப்பிட்டால் ஒரே பதில்தான்.

"வண்டிய யாரு பாக்கது?"

எனக்கு எரிச்சலாக வரும். அம்பாசடரை எவன் தூக்கிக்கொண்டு போகப்போகிறான்? மழைக்காலத்தில் அதைத் தள்ளி ஸ்டார்ட் பண்ணவே நாலு பேர் வேண்டும்.

அவருடைய மனைவி செண்பகவல்லிக்கு என்னைவிட எரிச்சல். மகள் கிருஷ்ணப்ரியாவுக்குத் திருச்செந்தூரில் மொட்டை போட்ட அன்றும் மனுஷன் வண்டியிலேயே இருந்துவிட்டார். அங்கே பிள்ளை வீறிட்டு அழுதது, இங்கே அப்பா கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார். மாயகிருஷ்ணனுடையது விளாத்திகுளம் பக்கம் ஆடு மேய்த்த குடும்பம். அதையும் சொல்லிக் காட்டாமல் விடமாட்டாள் அந்தம்மா.

"எங்க மாமனாரு ஆட்ட விட்டு நகரமாட்டாவ. இவிய கார விட்டு நகரமாட்டாவ. எனக்கு வாய்ச்சது அப்படி அண்ணாச்சி."

கிருஷ்ணப்ரியா படித்து சிங்கப்பூரில் வேலைக்குப் போனாள். 2007-இல் அப்பா அம்மாவை அங்கே வரவழைத்தாள். அதோடு விடவில்லை. லீவு போட்டு மலேசியாவில் லங்காவி என்ற தீவுக்கும் கூட்டிக்கொண்டு போகப்போவதாகச் சொன்னாள். அங்கே பஸ் கிடையாதாம், ஊர் சுற்றக் கார் வாடகைக்கு எடுக்க வேண்டுமாம். அவளுக்கு ஓட்டத் தெரியாது. "அப்பா, நீங்கதான் ஓட்டணும், இன்டர்நேஷனல் பெர்மிட்டு எடுத்துட்டு வாங்க" என்று போனில் சொல்லிவிட்டாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஆடு மேய்த்த மாதிரியும் ஆச்சு, அண்ணனுக்குப் பெண் பார்த்த மாதிரியும் ஆச்சு.

புறப்படுவதற்கு முன்னால் செண்பகவல்லி கடைக்கு வந்து சொல்லிக்கொண்டு போனாள். அவளுக்குச் சிரிப்பில்லை.

"பிளேனு, கடலு எல்லாம் இருக்கட்டும் அண்ணாச்சி. கல்யாணம் கட்டி இத்தன வருசத்துல ஒரு எடத்தயாவது அவிய எம்பக்கத்துல நின்னு பாத்ததில்ல. இந்தத் தடவையாவது எறங்கி வாராவளான்னு பாக்கணும்."

"நடக்காது தாயி" என்றேன். எனக்கு நாக்கில் சனி.

இனி வருவதெல்லாம் அவள் சொல்லி நான் கேட்டது. அவள் சொன்னபோது அவரும் என் கடை ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தார். ஒன்றையும் மறுக்கவில்லை.

லங்காவி விமான நிலையத்தில் வாடகைக் கார் கவுண்டரில் இருந்த பெண் சாவியைக் கொடுத்தாள். இவர் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று தட்டிப் பார்த்தார். பிறகு பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "ஏறுங்கம்மா" என்றார். செண்பகவல்லியும் ஏறிவிட்டாள். வெளியே நின்ற மகளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அம்மாவைக் கையைப் பிடித்து இறக்கி முன்னால் உட்கார வைத்தாள். அந்தம்மாவுக்கு முன்சீட்டு அதுதான் முதல் தடவை. மேலே இருந்த கைப்பிடியைப் பிடித்தவள் அன்று முழுக்க விடவில்லை.

அது கியர் இல்லாத வண்டி. இவருடைய இடது கால் கிளட்ச்சைத் தேடிப் போய் பிரேக்கை மிதித்தது. வண்டி குலுங்கி நின்றது. இன்னொரு தடவையும் அப்படியே. பிறகு இடது காலை மடக்கிச் சீட்டின் மேலே வைத்துச் சம்மணம் போட்ட மாதிரி உட்கார்ந்துகொண்டார். அதற்கப்புறம் வண்டி வழுக்கிக்கொண்டு போனது.

ஹாரன்தான் தொந்தரவு. வளைவு வந்தால் கை தானாக அழுத்தும். முன்னால் போன மோட்டார் சைக்கிள்காரன் ஓரங்கட்டி நின்று, தன் வண்டியில் ஏதாவது விழுந்துவிட்டதா என்று குனிந்து பார்த்தான். இவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. வயல் ஓரத்தில் எருமைகள் ரோட்டை மறித்து நின்றபோதுதான் முகம் மலர்ந்தது. கண்ணாடியை இறக்கி, "த்தே... த்தே..." என்று தன் அப்பா ஆட்டை ஓட்டுகிற குரலில் ஓட்டினார். மலாய் எருமைக்கு அது புரிந்ததோ இல்லையோ, விலகிவிட்டது.

எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. ஆனால் கடற்கரைக்குப் போனதும் மரநிழல் பார்த்து நிறுத்தினார். சீட்டு பின்னால் சாய்வதைக் கண்டுபிடித்ததில் அவருக்கு அத்தனை சந்தோஷம்.

"போய்ட்டு வாங்க. வண்டிய யாரு பாக்கது?"

பழக்கம் கொடிது, பாறையிலும் கோழி சீய்க்கும் என்பார்கள். மறுநாள் துறைமுகத்தில் பெரிய கழுகுச் சிலையைப் பார்க்கப் போனபோதும் அதே துண்டு, அதே பதில். அம்மாவும் மகளுமாகப் போய் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு வந்தார்கள். இரண்டு இடத்திலும் செண்பகவல்லி ஒன்றும் சொல்லவில்லை. இரவுச் சாப்பாட்டின்போதும் பேசவில்லை. அது நல்லதுக்கில்லை என்று அந்த மனுஷனுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

கடைசி நாள் கேபிள் கார். மலை உச்சிக்குக் கம்பியில் தொங்கிக்கொண்டு போகிற கூண்டு. கிருஷ்ணப்ரியா டிக்கெட் வாங்க முன்னால் ஓடினாள். இவர் நிழல் பார்த்து நிறுத்தி, என்ஜினை அணைத்து, சீட்டைச் சாய்த்தார். பக்கத்துக் கதவு திறக்கவில்லை. செண்பகவல்லி அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"ஏட்டி, போ. பிள்ள நிக்காள்லா."

"நானும் வண்டியப் பாத்துக்கிடுதேன். ஒராளு பாக்கதுக்கு ரெண்டாளு பாத்தா நல்லதுதான."

டிரைவர் தொழிலில் ஒரு முறை உண்டு. பார்ட்டி இறங்கிப் போனால்தான் டிரைவர் படுக்கலாம். பார்ட்டி வண்டியில் இருக்கும்போது சாயக்கூடாது, துண்டைப் போடக்கூடாது, காலை வெளியே நீட்டக்கூடாது. அவராகவே சீட்டை நிமிர்த்திக்கொண்டார். ஸ்டியரிங்கில் கை வைத்தார், எடுத்தார். புழுக்கம் தாங்காமல் செண்பகவல்லியின் கழுத்தில் வியர்வை ஓடியது. அவள் முந்தானையால்கூடத் துடைத்துக்கொள்ளவில்லை.

"எதுக்குட்டி இந்தப் பிடிவாதம்? அடுத்தவன் வண்டி. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டுன்னா?"

அப்போதுதான் அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். சத்தம் போடவில்லை.

"வண்டி காணாமப் போனா போவட்டும். அதத் தேடிக் குடுக்கதுக்குப் போலீஸ் இருக்கு. உங்களக் காணலன்னு நான் யாருகிட்ட போய்ச் சொல்ல?"

மாயகிருஷ்ணன் சாவியை எடுத்தார், இறங்கினார், கதவைப் பூட்டினார். சுற்றிக்கொண்டு வந்து அவள் பக்கத்துக் கதவைத் திறந்தார். இந்தத் தடவை பிடித்துக்கொண்டு நிற்கவில்லை, கையை நீட்டினார். கிருஷ்ணப்ரியா தூரத்தில் இருவரும் சேர்ந்து நடந்து வருவதைப் பார்த்துவிட்டு, தான் வாங்கியிருந்த இரண்டு டிக்கெட்டையும் பார்த்து, இன்னொன்று வாங்க மறுபடி ஓடினாள்.

கூண்டு அந்தரத்தில் ஏறியது. ஒரு பக்கம் காடு, ஒரு பக்கம் கடல். இவர் இரண்டையும் விட்டுவிட்டு, கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு கீழேயே பார்த்தார்.

"அந்தா, அந்த நீலக் காருக்குப் பக்கத்துல. நம்ம வண்டி."

செண்பகவல்லிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்ததாம். இவ்வளவு சொல்லியும் இவ்வளவுதானா என்று இருந்ததாம். அந்த நேரம் பார்த்து ஒரு மேகம் வந்து கூண்டை மூடியது. காடு இல்லை, கடல் இல்லை, எங்கே பார்த்தாலும் பஞ்சு மில்லுக்குள் இருக்கிற மாதிரி வெள்ளை.

"வண்டி தெரியலட்டி."

"நான் தெரியுதேனா?"

அவர் திரும்பினார். பார்ப்பதற்கு வேறு எதுவும் இல்லை. கொஞ்சம் அதிகமாகவே பார்த்திருப்பார் போல. அவளுக்கே கூச்சம் வந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"சிவப்புக் கல்லு மூக்குத்தி. நல்லா இருக்கு. சிங்கப்பூருல வாங்குனதா?"

"பிள்ள காலேஜ்ல சேந்த வருசம் போட்டது."

எதிரே உட்கார்ந்திருந்த கிருஷ்ணப்ரியா வாயைப் பொத்திக்கொண்டு மறுபக்கம் திரும்பிவிட்டாள். செண்பகவல்லி முதலில் முறைத்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணில் தண்ணீர் வருகிற சிரிப்பு. மாயகிருஷ்ணன் மட்டும் சிரிக்கவில்லை. இன்னும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.