வடைக்காரி வேஷம் கட்டிய அம்சா

எண்பத்தெட்டில் பர்மாவில் மாணவர் போராட்டத்தால் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தபோது அம்சாவுக்குப் பதினேழு வயது. பத்தாம் வகுப்புப் பரீட்சை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. ரங்கூனின் தின்கன்ஜூன் பகுதியில் இரண்டு அறை மரவீட்டில் உட்கார்ந்துகொண்டு ரேடியோவில் வரும் பாட்டையெல்லாம் திருப்பிப் பாடுவாள். பாட்டோடு நிற்காது. பாடகரின் மூச்சிரைப்பு, அறிவிப்பாளரின் தொண்டைக் கனைப்பு எல்லாம் சேர்ந்து வரும். பக்கத்து வீட்டு ஹாஜரா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வேலியோரம் வந்து நின்று சிரிப்பாள்.

அப்பா சுந்தரம் தமிழர், பஸ் கண்டக்டர். அம்மா டோ மியா, ஆற்றுக்கு அக்கரை ஊரான கியாக்தானில் பிறந்த பர்மியப் பெண். மகள் நிறத்தில் அப்பா, பேச்சில் அம்மா.

இரண்டு வருஷம் கழித்து அம்சா ஓர் அன்யேன் குழுவில் சேர்ந்தாள். அன்யேன் என்பது பாட்டும் ஆட்டமும் கேலியும் கலந்த பர்மியக் கூத்து. நடுவில் ஓர் அழகி ஆடுவாள். அவளைச் சுற்றி ஆண் கோமாளிகள் பேசிச் சிரிக்க வைப்பார்கள். பெண் சிரிக்க வைப்பது வழக்கமில்லை. குழுத் தலைவர் ஊ பா தின் அம்சாவின் பாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு கண்ணைத் திறந்து பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

“குரல் தங்கம். ஆனா முகம் வெளுக்க எத்தனை தடவை தனக்காச் சந்தனம் பூசினாலும் உன்னை நடுவுல நிறுத்த முடியாதும்மா.”

அதனால் அவளுக்குக் கிடைத்தது ‘கலாமா’ வேஷம். கலா என்றால் இந்தியன், கலாமா என்றால் இந்தியக்காரி. சொல்கிறவன் வாயைப் பொறுத்து அது வெறும் பெயராகவும் இருக்கும், வசவாகவும் இருக்கும். தலையில் வடைத் தட்டோடு வர வேண்டும், உடைந்த பர்மியில் உளற வேண்டும், தலையை ஆட்ட வேண்டும், கடைசியில் கால் தடுக்கி விழ வேண்டும். அவ்வளவுதான் வேஷம். பள்ளியில் பர்மியப் பாடத்தில் முதல் மதிப்பெண் வாங்கியவள் அம்சா.

கூத்துப் பார்க்க வரும்படி அப்பாவைக் கூப்பிட்டாள். அவர் சட்டையைக் கொடியில் மாட்டிக்கொண்டே சொன்னார்: “பஸ்ஸுல தினம் எங்கிட்டயே அப்படித்தான் பேசுறானுங்க. மேடையில வேற போய்ப் பாக்கணுமா தாயி?”



தொண்ணூற்றிரண்டில், கியாக்தானில் பையன்களைத் துறவுக்கு அனுப்பும் விழா ஒன்று நடந்தது. இரவுச் சாப்பாடு முடிந்ததும் அரிக்கேன் விளக்கொளியில் கூத்து. முன் பாயில் அம்மாவின் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். தலைமைக் கோமாளி கோ தௌங் எப்போதும் போல ஆரம்பித்தார்.

“ஏ கலாமா! உன் வடை ஏன் இவ்வளவு கறுப்பு? உன் கை பட்டதாலயா?”

கூட்டம் சிரித்தது. பெரியம்மாவின் மகள்களும் சிரித்துவிட்டார்கள். சிரித்த வாயை உடனே பொத்திக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டதை அம்சா பார்த்தாள். அவள் உளற வேண்டிய இடம் அது. உளறவில்லை. தட்டை மெதுவாக இறக்கி வைத்தாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு, ரேடியோ அறிவிப்பாளர் தோற்றுப்போகும்படியான சுத்தமான பர்மியில் பேசினாள்.

“அண்ணே, கரண்ட் போய் மூணு நாளாச்சு. இந்த இருட்டுல உங்க முகமே எனக்குத் தெரியல. வடையோட நிறம் உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? வெளிச்சம் வரட்டும், ரெண்டு பேரும் நிறம் பாத்துக்கலாம்.”

 பந்தல் சிரிப்பில் அதிர்ந்தது. கோ தௌங் வாயைத் திறந்தார், மூடினார். அவருக்கு வசனம் வரவில்லை. அந்தத் திணறலே இன்னொரு சிரிப்பைக் கிளப்பியது. அம்சா விடவில்லை. எள்ளெண்ணெய்க்கும் கடலைப் பருப்புக்கும் கல்யாணம் என்று அங்கேயே ஒரு பாட்டுக் கட்டினாள். பர்மிய மெட்டு, மாப்பிள்ளை வீட்டார் பர்மியில் பேச, பெண் வீட்டார் தமிழில் பேசினார்கள். தமிழ் புரியாதவர்களும் தாளம் போட்டார்கள். அன்று அவள் தடுக்கி விழவில்லை, நடந்தே உள்ளே போனாள்.

உள்ளே ஊ பா தின் வெளிறிப்போய் நின்றார். “அரசாங்கத்துல அனுமதி வாங்கின வசனத்துல கரண்ட் இல்லைங்கிறது இல்லையேம்மா!”

“ஊர்லயும்தான் இல்லை, வாத்தியாரே.”

அவர் திட்ட வாயெடுத்தார், சிரிப்பு முந்திக்கொண்டது. ஆனாலும் பயந்தார். மூன்று ஊர்களுக்கு அம்சாவை அழைத்துப் போகவில்லை. நான்காவது ஊர்க்காரர்கள், வடைக்காரி வராவிட்டால் கூத்தே வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

கோ தௌங் அவளிடம் ஒரு வாரம் பேசவில்லை. எட்டாம் நாள் தேநீரோடு வந்து எதிரில் உட்கார்ந்தார். “முப்பது வருஷமா ஜெயிச்சுக்கிட்டே இருந்தேன். தோத்தப்பதான் இவ்வளவு பெரிய சிரிப்பு கிடைச்சுது. இனிமே நான் தோக்கறேன். நீ நல்லா அடி.”

அதன்பின் பதினாறு வருஷம் மேடையில் இருவரும் ஜோடி. வடைக்காரி மருத்துவச்சியானாள், வாத்தியாரம்மாவானாள், ஒருமுறை ராணியும் ஆனாள். எந்த வேஷத்திலும் தமிழ்ப் பெண்தான், எந்த வேஷத்திலும் மேடையில் அவள்தான் கெட்டிக்காரி. தொண்ணூற்றேழில் சுந்தரம் பார்க்க வந்தார். ஓரமாக நின்றுதான் பார்த்தார். மறுநாள் பஸ்ஸில் ஒருவன் அவரை, “ஏய் கலா!” என்று அதட்டினான். அவர் சீட்டைக் கிழித்துக் கொடுத்துக்கொண்டே, “வெளிச்சம் வரட்டும் தம்பி, பாத்துக்கலாம்” என்றார். பஸ்ஸே சிரித்தது. இதை வீட்டுக்கு வந்து மூன்று தடவை சொன்னார். மூன்று தடவையும் அம்சா புதிதாகக் கேட்பதுபோல் கேட்டாள்.

அவளுடைய கூத்துகளின் வீடியோ குறுந்தட்டுகள் ரங்கூனின் லத்தா தெருக்கடைகளில் கொடிபோல் தொங்கின.

இரண்டாயிரத்தெட்டு மே மாதப் புயலில் கியாக்தானில் பாதி வீடுகளுக்குக் கூரை இல்லை. அம்சா அரிசி மூட்டைகளோடு போனாள். மடாலயத்துக் கூடத்தில் வரிசையில் நின்ற ஒரு பெண், “நீங்க வடைக்காரி அம்மாதானே? ஏதாவது பேசுங்களேன்” என்றாள். அவளுடைய இடுப்பில் ஈரத் துணியில் சுற்றிய குழந்தை இருந்தது.  இங்கே எதைச் சொல்லிச் சிரிக்க வைப்பது? சோற்றுப் பானையின் மூடி கண்ணில் பட்டது. அதைத் தலையில் வைத்து, “எங்க வீட்டுக் கூரை மட்டும் பத்திரமா இருக்கு, பாருங்க” என்றாள். முதலில் சிரித்தது ஒரு கிழவர். பிறகு எல்லோரும். அந்தப் பெண் சிரித்துச் சிரித்து அழுதாள். கைதட்டல் இல்லை, வேஷம் இல்லை. தன் தொழிலை நினைத்து அவ்வளவு பெருமைப்பட்டது அதற்கு முன் இல்லை என்று அம்சா பின்னாளில் ஹாஜராவிடம் சொன்னாள்.

இரண்டாயிரத்துப் பத்தில், தின்கன்ஜூன் பகோடாத் திருவிழாவுக்கு அவள் தன் சொந்தக் குழுவோடு வந்தாள். பெயர்ப் பலகை எழுதுகிறவர் தூரிகையோடு நின்று கேட்டார்: “பள்ளிப் பதிவுல உங்களுக்கு ‘மா கின் தான்’னு ஒரு பர்மியப் பேரு இருக்காமே. அதை எழுதட்டுமா? கேக்க நல்லாருக்கும்.”

“அது பரீட்சைக்கு வச்ச பேரு” என்றாள் அம்சா. “டோ அம்சான்னு மரியாதையோட போடுங்க. பெரிசா, பஸ்ஸுல போறவங்களுக்கும் தெரியற மாதிரி.”

அவர் எழுதி முடிக்கும்வரை வெயிலில் நின்று, ஒவ்வோர் எழுத்தாகக் காய்வதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனாள்.