மாமா அறுத்த பிரேக்

எனக்குப் பத்து வயதிருக்கும்போது, என் தாய்மாமா எங்கள் காரின் பிரேக்கை அறுத்ததை என் கண்ணாலேயே பார்த்தேன்.

அப்பாவை நான் அய்யா என்றுதான் கூப்பிடுவேன். அது அவர் பழசாக வாங்கிய கார். அமாவாசைக்கு அமாவாசை சேதுக்கரைக்குப் போய்க் கடலாடுவார். தான் மட்டும் புண்ணியம் தேடிக்கொண்டால் போதாதென்று, கேனில் கடல் தண்ணீர் பிடித்துக் காருக்கும் மேலும் கீழும் தீர்த்தம் ஆட்டுவார். காரின் பாவம் எவ்வளவு கரைந்ததோ தெரியாது, அடியில் ஓடிய பிரேக் பைப் துருவேறி ஒழுக ஆரம்பித்துவிட்டது. ஒருநாள் எவ்வளவு மிதித்தும் நிற்காமல் வைக்கோல் படப்பில் போய் முட்டி நின்றது.

அம்மா, ராமநாதபுரத்தில் ஒர்க்ஷாப் வைத்திருந்த தன் தம்பிக்குப் போன் போட்டாள். அம்மாவுக்கு வரவேண்டிய வயல் பங்கில் தகராறாகி, மாமாவுக்கும் அய்யாவுக்கும் இரண்டு வருடமாகப் பேச்சில்லை. ஆனாலும் மறுநாளே மாமா தன் ஐந்து வயது மகளைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினார். அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. கோழியடித்துக் குழம்பு வைத்தாள்.

எனக்கு அது பிடிக்கவில்லை. இரண்டு வருடம் எட்டிப் பார்க்காதவர் இப்போது மட்டும் ஏன் வருகிறார்? தினமும் சாயங்காலம் டி.வி. தொடர் பார்க்கிற எனக்கு விடை தெரியும். சொத்துச் சண்டை போட்ட சொந்தக்காரர் கார் பக்கம் போனால் வேறு எதற்குப் போவார்?

மாமா காரைத் தூக்கிக் கட்டை கொடுத்து, அடியில் நுழைந்தார். நானும் தரையோடு குனிந்து காவல் காத்தேன்.

"ஏத்தா, தள்ளி நில்லு. கண்ணுல ஆயில் தெறிச்சுரும்."

என்னை அப்புறப்படுத்தப் பார்க்கிறார்! பிறகு பிளேடை எடுத்துக் கரகரவென்று பைப்பை அறுத்தார். அப்புறம் அவர் புதுப் பைப்பை வளைத்து மாட்டியதும், அம்மாவைச் சீட்டில் உட்காரவைத்து, "மிதிக்கா, விடுக்கா" என்று பைப்பிலிருந்த காற்றை எடுத்ததும் எல்லாம் வெறும் கண்துடைப்பு என்றே தோன்றியது.

அய்யா சாவியோடு வந்தபோது பொறுக்க முடியவில்லை.

"அய்யா, ஏறாதீங்க! மாமா பிரேக்க அறுத்துட்டாரு, நான் பாத்தேன்!"

அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். மாமா விழுந்து விழுந்து சிரித்தார். "பழச அறுக்காம புதுச எங்கிட்டு மாட்டுறது?" என்று துருப்பிடித்த துண்டைத் தூக்கிக் காட்டினார். அய்யாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே சாவியை மாமாவிடம் நீட்டினார்.

"மொத ஓட்டம் நீங்களே ஓட்டிப் பாத்துருங்க மாப்ள."

மாமாவின் சிரிப்பு நின்றது. அய்யாவை ஒரு கணம் பார்த்தார். பிறகு சாவியை வாங்கி, தன் மகளைத் தூக்கி முன்சீட்டில் உட்காரவைத்தார். கார் கண்மாய்க்கரைவரை வேகமாகப் போய்த் திரும்பி, வாசலில் வந்து சட்டென்று நின்றது. சாவியை அம்மா கையில் கொடுத்தார்.

"வாரேன்க்கா. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"ஒரு வாய் சாப்பிட்டுப் போடா" என்று அம்மா ரோடுவரை பின்னாலேயே ஓடினாள். அவர் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிப் பாராமல் போனார்.

அடுத்த பஸ்ஸுக்கு இன்னும் ஒருமணி நேரம் இருந்தது. அதுகூடத் தெரியாத மாமா என்று நினைத்துக்கொண்டு, அய்யாவின் உயிரைக் காப்பாற்றிய பெருமையில் மாமா பங்குக் கறியையும் சேர்த்துத் தின்றேன். அம்மா அன்று சாப்பிடவில்லை. அய்யா அவள் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை. மாமாவைச் சந்தேகப்பட்டது நான் ஒருத்திதான் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.