கோவர்த்தனன் அடித்த கத்தி

ரேணிகுண்டா ஸ்டேஷன் கூட்ஸ் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்த கோவர்த்தனனுக்கு நாற்பது வயதுக்குமேல் இரும்பின்மீது ஆசை வந்தது. புத்தூருக்குப் பக்கத்தில் நிலம் வைத்துப் பயிர்செய்கிற குடும்பம் அவருடையது. படிக்கிற பிள்ளை என்று ஏர்கூடப் பிடிக்கவிடாமல் வளர்த்திருந்தார்கள். அந்தக் கைக்குப் பேனாவின் கனம்தான் தெரியும்.

மழுங்கிப்போன வெட்டுக்கத்தி ஒன்றைத் தட்டிக் கொடுக்கச் சொல்லி, ஸ்டேஷனுக்குப் பின்னால் பட்டறை வைத்திருந்த கங்கையாவிடம் ஒருநாள் போனார். துருத்தி போடுகிற ஆள் வரவில்லை. சும்மா நிற்பானேன் என்று இவரே உட்கார்ந்து இழுத்தார். கறுத்துக் கிடந்த இரும்பு சிவந்து, மஞ்சளாகி, சம்மட்டிக்குக் கீழே மாவுபோல நகர்ந்தது. அன்று பாசஞ்சரில் வீடு திரும்பும்போது அவர் கண்ணுக்குள் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி பட்டறை வாசலில் நின்றார்.

"இன்னா குமாஸ்தாகாரு, கத்தி சரியா வெட்டலயா?" என்றான் கங்கையா. இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

"அது நல்லா வெட்டுது. நானே ஒண்ணு அடிக்கணும். கத்துக் குடு."

"பொழப்புக்கா?"

"ஆசைக்கு."

கங்கையா சிரித்தான். "ஆசைக்குச் சீட்டாடுவாங்க, சினிமாவுக்குப் போவாங்க. உலைமுன்னால குந்திக்கினு வேகறதுக்குக்கூட ஒருத்தருக்கு ஆசையா? வா. கரி நீ வாங்கிக்கினு வரணும். கை சுட்டா என்னியக் கேக்கக் கூடாது."

கை சுட்டது. வலது உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து, திங்கட்கிழமை பேனா பிடிக்க முடியவில்லை. வீட்டில் அதைப் பார்த்த அவருடைய அப்பா அப்பாவு சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார்.

"ரெயில்ல உத்தியோகம் பாக்கறவன் கொல்லுப்பட்டறையில குந்தியிருக்கான்னு ஊரே பேசுது. இதுக்கா உன்னப் படிக்க வச்சேன்?"

"உத்தியோகத்துக்குத்தான் படிச்சேன் நைனா. ஞாயித்துக்கிழமை என்னுது. நீ துன்னு."

பெரியவர் அன்று சாப்பிடவில்லை. மகனும் பட்டறைக்குப் போவதை நிறுத்தவில்லை.

முதலில் அடித்தது கத்தியே இல்லை. வாழைப்பூ மடல்போல ஒருபக்கம் சுருண்டிருந்தது. அடுத்ததை லாரியின் உடைந்த ஸ்பிரிங் பட்டையில் அடித்தார். வடிவம் வந்தது. சந்தோஷத்தில் சிவக்கச் சிவக்கத் தண்ணீரில் முக்கினார். டிக்கென்று ஒரு சத்தம். குறட்டில் பாதி இருந்தது, தொட்டியில் பாதி கிடந்தது. இனிமேல் எண்ணெயில் முக்கிப் பார்க்கலாம் என்று செக்கில் கடலை எண்ணெய் வாங்கி வந்தார். இந்தமுறை உடையவில்லை. ஆனால் அவர் மனைவி செங்கம்மா பூசணிக்காயில் குத்தியதும் நுனி உதிர்ந்தது.

"கண்ணாடியா அடிச்சிருக்கீங்க?" என்றாள் அவள்.

வேறொருவராக இருந்தால் அத்தோடு விட்டிருப்பார். கோவர்த்தனன் உதிர்ந்த நுனியை எடுத்து வைத்துக்கொண்டு, அது எப்படி முறிந்தது என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். எண்ணெயில் முக்கிய இரும்புக்கு வெறி பிடித்திருக்கும், மறுபடி இளஞ்சூடு காட்டித்தான் அதைச் சாந்தப்படுத்த வேண்டும் என்றான் கங்கையா. எவ்வளவு சூடு என்பதை அவனால் வாயால் சொல்லத் தெரியவில்லை. "பாத்துக்கினே இரு, தெரியும்" என்றுவிட்டான். அதற்காகவே கோவர்த்தனன் சில அலகுகளை அடித்து, அரம் போட்டு, எண்ணெயில் முக்கி, துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் புறப்பட்டார். அடுப்புத் தணலில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்ப்பதாக எண்ணம்.

ஆந்திரா தனி மாநிலமாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. எந்த ஊர் யாருக்கு என்று எல்லையைப் பிரிக்கும் பேச்சு நடந்துகொண்டிருந்த சமயம். அன்று புத்தூரில் கடையடைப்பு. ஸ்டேஷன் வாசலில் நின்ற போலீஸார் இறங்கியவர்களின் பைகளைச் சோதித்தார்கள். துணியைப் பிரித்ததும் பிடி போடாத அலகுகள் பளபளத்தன.

"இவி எந்துகு?" என்றார் சப் இன்ஸ்பெக்டர். எதற்கு என்று கேட்கிறார்.

"காய் நறுக்க, சார். நானே அடிச்சது. ரெயில்வேல குமாஸ்தா நான்."

"ரயில்வே குமாஸ்தா கத்தி அடிக்கிறியா? யாருக்கு? தமிழ்க் கட்சிக்கா?"

"என் ஊட்டுக்கு சார்."

யார் நம்புவார்கள்? போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய்ப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். சேதி கேட்டு அப்பாவுவே தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். சப் இன்ஸ்பெக்டரிடம் தெலுங்கில் பேசினார். "இவன் அடிச்ச கத்தி பூசணிக்காயில குத்தினாலே ஒடையும் சார். மனுசன இன்னா பண்ணும்? வேணும்னா குத்திப் பாருங்க."

சப் இன்ஸ்பெக்டர் ஒரு அலகை எடுத்து மேஜை ஓரத்தில் ஓங்கித் தட்டினார். இரண்டாக முறிந்தது. அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கோவர்த்தனன் சிரிக்கவில்லை, முறிந்த இடத்தைக் குனிந்து பார்த்தார். ஆளை விட்டுவிட்டு அலகுகளை வைத்துக்கொண்டார்கள். அவை திரும்பி வரவே இல்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் அப்பாவு தடியை ஊன்றிக்கொண்டு பாதித் தூரம் நடந்தார். பிறகு, "என் வாயால உன் வேலைய மட்டமா சொல்ல வேண்டியதாப் பூட்டுது" என்றார்.

"உள்ளதத்தான சொன்ன நைனா."

"அடுத்ததும் ஒடையுமா?"

"ஒடையற வரைக்கும் அடிப்பேன். அப்புறம் ஒடையாது."

அடுத்த ஞாயிறே உலைக்குப் போனார். மறுபடி பட்டை, மறுபடி கரி, மறுபடி எண்ணெய். இப்போது அலகைத் தேய்த்து வெளுப்பாக்கித் தணலுக்கு மேலே பிடித்துக்கொண்டு, இமைக்காமல் பார்த்தார். நிறம் மெல்ல ஏறியது; முதலில் வெளிறிய மஞ்சள், பிறகு வைக்கோல். அதைத் தாண்டி நீலத்துக்குப் போன அலகு வளைந்துபோயிற்று. வைக்கோல் நிறம் வருமுன்னே எடுத்த அலகு உதிர்ந்தது. வைக்கோல் நிறத்தில் எடுத்த ஒன்றைக் கங்கையா வாங்கித் தண்டவாளத் துண்டில் அறைந்தான். ணங்கென்று நின்றது. அலகின் வாயைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து அவரிடமே திருப்பிக் கொடுத்தான்.

திருப்பதியில் மரப்பாச்சி செதுக்குகிற ஒருவரிடம் செம்மரத் துண்டு கேட்டு வாங்கிப் பிடி போட்டார். பித்தளைக் கம்பியை அறுத்து ஆணி அடித்தார். சாணைக்கல்லில் தீட்டித் தீட்டி, முன்கை மயிரை மழிக்கிற கூர் வந்தபிறகுதான் வீட்டுக்கு எடுத்துப் போனார்.

செங்கம்மா கத்தரிக்காய் ஒன்றை நறுக்கினாள். பிறகு பூசணிக்காயை எடுத்து ஓங்கிக் குத்தி இழுத்தாள். காய் பிளந்தது, கத்தி அப்படியே இருந்தது. அப்பாவு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படி?" என்றார் கோவர்த்தனன்.

"வெட்டுறது நல்லா வெட்டுது. பிடிதான் என் கைக்குத் தடியா இருக்குது."

அவர் கத்தியை வாங்கி, அவள் விரல்களைப் பிடியின்மேல் மடக்கி வைத்து ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு பையிலிருந்து அரத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.